தலைக்காசிலிருந்து பார்வைக் காசு வரை

விடிவதற்கு முன்பே மணி அடித்துவிடும். லயத்து வீடுகளிலிருந்து ஆணும் பெண்ணும் விளக்கோடு பெரட்டுக் களத்திற்கு வந்து வரிசையாக நிற்பார்கள். கிராணியார் பெயர் வாசிப்பார். பக்கத்தில் நிற்கும் கங்காணி, தம் ஆட்கள் எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று ஒரு முறைக்கு இரண்டு முறை எண்ணிக்கொள்வார். பேராக் மாநிலத்தின் பழைய ரப்பர் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்கள் இந்தக் காட்சியைத் தங்கள் பாட்டன் பாட்டி சொல்லக் கேட்டிருப்பார்கள்.

கங்காணி அத்தனை கவனமாக எண்ணியதற்குக் காரணம் உண்டு. தம் கூட்டத்தில் அன்று வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் அவருக்குத் தனியாக ஓரிரு காசு கிடைத்தது. இதைத் தலைக்காசு என்றார்கள். வந்த தலைக்குக் காசு உண்டு. வராத தலைக்கு இல்லை. காய்ச்சலோடு படுத்திருந்தவனை அவர் ஏன் வந்து எழுப்பினார் என்பதற்கு அவருடைய குணத்தை மட்டும் காரணமாகச் சொல்லிவிட முடியாது. துரைமார்கள் வகுத்து வைத்த கணக்கு அப்படி.

இன்று ஈப்போவில் ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்து கைப்பேசியைத் திறக்கிறவருக்கும் அந்தப் பெரட்டுக் களத்திற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு இருக்கிறது. யூடியூப்பும் பேஸ்புக்கும் டிக்டாக்கும் கோடிக்கணக்கான பதிவுகளிலிருந்து சிலவற்றைப் பொறுக்கி எடுத்து நம் கண்முன் வைக்கின்றன. எதைப் பொறுக்குவது, எதை ஒதுக்குவது என்ற முடிவுக்குப் பின்னாலும், எதைப் படம் பிடிப்பது, எதைப் பிடிக்காமல் விடுவது என்று பதிவு போடுகிறவர் எடுக்கும் முடிவுக்குப் பின்னாலும் ஒரு தலைக்காசுக் கணக்கு ஓடுகிறது. கணக்கு மாறும்போதெல்லாம் நாம் பார்ப்பதும் மாறுகிறது. இதன் வரலாறு கணினிக்கு முன்பே தொடங்கிவிட்டது. நம் ஊரிலேயே அதற்குச் சான்று கிடைக்கிறது.

ஆள் பிடித்தவர் சொன்ன கதை

1877-ஆம் ஆண்டு ஒன்பது ரப்பர் கன்றுகள் கோலகங்சாரில் நடப்பட்டன. அவற்றில் ஒன்று மரமாகி இன்னும் நிற்கிறது என்று அவ்வூர்க்காரர்கள் பெருமையோடு காட்டுவார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டிகள் பெருக, ரப்பர் விலை ஏற, சுங்கை சிப்புட், தைப்பிங், பாகான் டத்தோ, தெலுக் இந்தான் பக்கமெல்லாம் காடு அழிந்து தோட்டங்கள் எழுந்தன. மரம் இருந்தது. பால் வெட்ட ஆள் இல்லை.

ஆளைக் கொண்டுவர வகுத்த வழிதான் கங்காணி முறை. தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவருக்கே உரிமச் சீட்டு கொடுத்து, சொந்த ஊருக்கு அனுப்பி, சாதி சனத்தை அழைத்து வரச் சொன்னார்கள். 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்று அமைந்தது. முதலாளிகள் அதில் பணம் கட்டினார்கள். கப்பல் செலவும் ஆள் சேர்க்கும் செலவும் அதிலிருந்து போயின. கொண்டுவந்து சேர்த்த ஆளுக்கு இவ்வளவு என்று கங்காணிக்குத் தரகும் உண்டு.

இப்போது அந்தக் கங்காணியின் நிலையில் நின்று பார்க்க வேண்டும். நாகப்பட்டினத்துக்கு உள்ளே ஏதோ ஒரு கிராமம். மழை இல்லை, கடன் இருக்கிறது. திண்ணையில் உட்கார்ந்து மலாயாவைப் பற்றிச் சொல்ல அவரிடம் நூறு செய்தி உண்டு. கூலி உண்டு, குடியிருக்க வீடு உண்டு, அரிசி உண்டு. மலேரியா உண்டு, கள்ளுக்கடை உண்டு, தண்டலின் வசவு உண்டு, குழந்தைகளைப் புதைத்த இடமும் உண்டு. இதில் எதைச் சொல்வார், எதை விழுங்குவார்? ஆள் கப்பல் ஏறினால்தான் தரகு. இலங்கை மலைநாட்டுக்கு ஆள் சேர்த்தவர்களைப் பற்றி ஒரு பேச்சு இன்னும் வழங்கி வருகிறது. தேயிலைச் செடியின் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று சொல்லி அழைத்துப் போனார்களாம். அது நடந்ததோ இல்லையோ, அந்த மக்களின் மனத்தில் நின்றது இதுதான்: தங்களிடம் சொன்னவன் பொறுக்கிச் சொன்னான்.

கங்காணிகளில் நல்லவர்களும் இருந்தார்கள். கோயில் கட்டினார்கள், கல்யாணம் நடத்தி வைத்தார்கள், தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு இடம் கேட்டு துரையிடம் நின்றார்கள். ஆனாலும் இந்த முறையை ஆராய 1936-ஆம் ஆண்டு இறுதியில் மலாயாவுக்கு வந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரியார், நல்ல கங்காணி, கெட்ட கங்காணி என்று பிரித்துக்கொண்டிருக்கவில்லை. கங்காணி மூலம் ஆள் சேர்ப்பதையே நிறுத்த வேண்டும் என்று 1937-இல் தம் அறிக்கையில் சொன்னார். 1938 ஜூன் மாதம் இந்திய அரசு, உதவிப் பயணத்தில் தொழிலாளர்கள் மலாயாவுக்குப் போவதையே தடை செய்தது. அதோடு கங்காணி ஆள் பிடிக்கும் காலம் முடிந்தது.

பால் நிறுக்கும் கொட்டகை

தலைக்காசு கங்காணியோடு நின்றுவிடவில்லை. வேறு வடிவில் தொழிலாளியிடமே வந்தது. நாள் கூலியோடு, கொண்டு வந்த பாலின் எடைக்கு ஏற்பக் கூலி என்ற முறை பரவியபோது, என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கலாமோ அதுவே நடந்தது. சில வாளிகளில் தண்ணீர் கலந்தது. நிர்வாகம் சும்மா இருக்குமா? வாளியின் எடையை விட்டுவிட்டு, அதில் உலர்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று பார்க்கத் தொடங்கியது. மெட்ரோலாக் என்ற கண்ணாடிக் கருவியைப் பாலில் மிதக்க விட்டு அளவு பார்த்தார்கள்.

தண்ணீர் கலப்பது குறைந்தது. வேறொரு தொல்லை வந்தது. அதிகப் பால் வேண்டுமென்று கத்தியை ஆழமாக இறக்கினால் பட்டைக்கு உள்ளே காயம் படும். அன்றைக்குப் பால் கூடும். காயம் பட்ட இடத்தில் புதுப் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். சில ஆண்டு கழித்து அந்தப் பக்கம் வெட்ட முடியாது. எனவே காயத்தைப் பார்க்கத் தண்டல் நிரை நிரையாக நடந்தார். காயத்துக்குத் தண்டனை வந்தது. ஒரு கணக்கு, அதை வளைக்க ஒரு வழி, அந்த வழியை அடைக்க இன்னொரு கணக்கு. தோட்ட நிர்வாகத்தின் பாதி வரலாறு இதுதான் என்று சொன்னால் மிகையாகாது.

தோட்டத்தில் ஒரு மனக்குறை கடைசி வரை தீரவில்லை. கருவி காட்டும் அளவைப் படிக்கத் தெரிந்தவர் கிராணியார் ஒருவர்தான். 'அவர் சொன்னதுதான் எண், எழுதியதுதான் கணக்கு' என்ற முணுமுணுப்பைப் பால் வெட்டிய கைகளை உடைய யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள்.

ஒரு காசுப் பத்திரிகை

செய்தித் துறைக்கும் இதே கதைதான். 1833-இல் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் பெஞ்சமின் டே என்ற அச்சுக்காரர் 'சன்' என்ற நாளேட்டை ஒரு காசுக்கு விற்றார். மற்றவை ஆறு காசு. அச்சுச் செலவுக்கே போதாத விலைக்கு விற்றுவிட்டு, வாங்குகிறவர்களின் எண்ணிக்கையைக் காட்டி விளம்பரதாரரிடம் பணம் வாங்குவது அவருடைய தந்திரம். வாசகர் அதுவரை வாங்குகிறவராக இருந்தார். அன்று முதல் விற்கப்படுகிறவரும் ஆனார். இரண்டே ஆண்டில், 1835-இல், நிலவில் உயிர்கள் இருப்பதாகத் தொலைநோக்கியில் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று அந்த ஏடு ஒரு தொடர்க் கதையைச் செய்தியாகவே வெளியிட்டது. விற்பனை ஓகோவென்று போனது. பொய் என்று தெரிந்த பிறகும் ஏட்டுக்குப் பெரிய நட்டம் வந்துவிடவில்லை.

மலாயாவில் தமிழ் ஏடுகள் அந்த வழியில் ஓட முடியாது. 1924-இல் நரசிம்ம ஐயங்கார் கோலாலம்பூரில் தொடங்கிய தமிழ் நேசனும், 1935-இல் கோ. சாரங்கபாணி சிங்கப்பூரில் தொடங்கிய தமிழ் முரசும் தோட்டங்களுக்குள் போனபோது, ஒரு பிரதியை ஒருவர் உரக்கப் படிக்கப் பத்துப் பேர் கேட்டார்கள். கேட்ட பத்துப் பேருக்கும் அதனால் பலன் உண்டு. விளம்பரதாரரின் கணக்கில் அது ஒரு பிரதி. எண்ண முடியாத வாசகரை நம்பியே நம் ஏடுகள் பிழைத்தன, நலிந்தன. தமிழ் நேசன் 2019-ஆம் ஆண்டு தொடக்கத்தில் நின்றது. தீபாவளி வந்தால் பக்கங்கள் பெருகி வாழ்த்து விளம்பரங்களில் தலைவர்களின் படங்கள் நிறைவதும், அந்த மாதத்தில் தலைவர்களைப் பற்றிய கடுமையான கட்டுரைகள் குறைந்து போவதும் வாசகர்கள் அறியாததல்ல. அதை அவ்வளவோடு விட்டுவிடலாம்.

1996-இல் ஆஸ்ட்ரோ வந்து வானவில் அலைவரிசை வீடுகளுக்குள் நுழைந்தபோது சந்தா கட்டினால் படம் தெரியும் என்ற முறை வந்தது. சந்தாக் கணக்கின் போக்கு வேறு. மாதக் கடைசியில் வீட்டுக்காரர் இணைப்பைத் துண்டிக்காமல் இருக்க வேண்டும் என்பதே அதன் கவலை. ஒவ்வொரு நிமிடமும் கண்ணை இழுத்துப் பிடிக்க வேண்டிய அவசரம் அதில் குறைவு. படமும் தொடரும் மிகுந்ததற்குக் காரணம் அதுவே.

எண்ணும் முறை மாறிய கதை

யூடியூப்பை 2006-இல் கூகுள் 165 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது. அடுத்த ஆண்டு, 2007-இல், பதிவு போடுகிறவர்களுக்கும் விளம்பர வருமானத்தில் பங்கு தரும் திட்டம் தொடங்கியது. வழக்கமான காணொளிகளில் வரும் விளம்பரப் பணத்தில் நூற்றுக்கு 55 பங்கு பதிவு போட்டவருக்கு, 45 பங்கு நிறுவனத்துக்கு.

முதலில் எத்தனை பேர் திறந்து பார்த்தார்கள் என்ற எண்ணிக்கையே பெரிதாக மதிக்கப்பட்டது. உடனே பாலில் தண்ணீர் கலந்தது. தலைப்பில் ஒன்று, அட்டைப் படத்தில் வேறொன்று, உள்ளே ஒன்றுமில்லை. திறந்தவர் பத்து விநாடியில் மூடிவிடுவார், எண்ணிக்கை ஏறிவிட்டதே! 2012-இல் யூடியூப் தன் மெட்ரோலாக்கை இறக்கியது. பார்த்த தலையை விட்டுவிட்டு, பார்த்த நேரத்தை அளந்து, அதன்படி பதிவுகளை முன்னே தள்ளத் தொடங்கியது. ஏமாற்றுத் தலைப்புகள் அதனால் ஓரளவு அடங்கின. காணொளிகள் நீண்டன. இரண்டு நிமிடத்தில் சொல்லக்கூடிய ரசப் பொடி பக்குவத்துக்கு முன்னால் பாட்டி ஊர்க் கதை வந்தது.

பத்து நிமிடத்துக்கு மேற்பட்ட காணொளியின் நடுவிலும் விளம்பரம் செருகலாம் என்றிருந்தபோது பத்து நிமிடம் சில விநாடி ஓடும் காணொளிகள் பெருகின. 2020 ஜூலை இறுதியில் அந்த வரம்பு எட்டு நிமிடமாகக் குறைந்தது. காணொளிகளும் எட்டு நிமிடத்தைத் தாண்டியதும் மூச்சு விட்டன. 2021-இல் குறும்படங்களுக்கென்று 10 கோடி டாலர் நிதி ஒதுக்கினார்கள். 2023 பிப்ரவரியிலிருந்து அவற்றுக்கும் விளம்பரப் பங்கு வந்தது. எட்டு நிமிடம் பேசிக்கொண்டிருந்தவர்கள் அறுபது விநாடியில் ஆடத் தொடங்கினார்கள். அவர்களுடைய கலை உணர்ச்சி ஒரே இரவில் மாறிவிடவில்லை. கூலிச் சீட்டு மாறியது.

வாசல் குறுகியதும் உண்டு. 2017 தொடக்கத்தில், தீவிரவாதக் காணொளிகளின் பக்கத்தில் தங்கள் விளம்பரம் ஓடுகிறது என்று தெரிந்து பெரிய நிறுவனங்கள் யூடியூப்பிலிருந்து பணத்தை இழுத்துக்கொண்டன. 2018 ஜனவரியில் புதிய விதி அறிவிக்கப்பட்டது. ஆயிரம் சந்தாதாரர், பன்னிரண்டு மாதத்தில் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்டிருக்க வேண்டும். அதற்குக் கீழே உள்ளவருக்குப் பங்கு இல்லை. தவறு செய்தவர்கள் யாரோ. வாசலில் நிறுத்தப்பட்டவர்கள் சின்ன ஊர்க்காரர்கள்.

அடுத்த மாதமே, 2018 பிப்ரவரியில், தமிழ் இணையத்தளங்களில் கூகுள் விளம்பரம் போட அந்நிறுவனம் வழிவிட்டது. தமிழர்கள் அதுவரை இணையத்தில் எழுதாமலா இருந்தார்கள்? 2004-இல் தமிழ்மணம் என்ற திரட்டி வந்த காலத்திலேயே, ஒரு காசும் வராமல் ஆயிரக்கணக்கான பக்கங்கள் எழுதிக் குவித்தார்கள். அங்கேயும் சூடான இடுகைகள் என்று ஒரு வரிசை இருந்தது. அதில் இடம் பிடிப்பதற்காகவே சண்டை மூட்டியவர்களும் இருந்தார்கள். பணம் இல்லாவிட்டாலும் எண்ணிக்கை மனிதனை ஆட்டும். பணம் சேர்ந்தால் அந்த ஆட்டம் தொழிலாகிவிடும், அவ்வளவே வேறுபாடு.

சுங்கை சிப்புட் சமையலறை

நம் மாநிலத்தில் இந்தக் கதையின் நல்ல பக்கத்தைக் காட்டியவர்கள் சுகு - பவித்ரா தம்பதி. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் வாழ்ந்த எளிய குடும்பம். 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து நாடே வீட்டுக்குள் அடைபட்டபோது, சாதாரணக் கைப்பேசியில் எடுத்த இவர்களுடைய சமையல் காணொளிகள் பரவின. பெரிய அடுப்பங்கரை கிடையாது. மின்னும் விளக்கு கிடையாது. பவித்ரா சரளமான மலாய் மொழியில், பக்கத்து வீட்டாரிடம் பேசுவது போலச் சொல்லிக்கொண்டே சமைத்தார். மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்று எல்லாரும் பார்த்தார்கள். சில மாதங்களில் சந்தாதாரர்கள் லட்சக்கணக்கில் சேர்ந்தனர். யூடியூப் வருமானத்தில் அவர்கள் மடிக்கணினி வாங்கிய செய்தியை நாடே கொண்டாடியது. பிரதமராக இருந்த முகிதின் யாசினும் தம் உரையில் அவர்களைக் குறிப்பிட்டார்.

தோட்டத்து வீட்டின் அடுப்பங்கரைக்கு நாட்டின் பொது வாழ்வில் இவ்வளவு பெரிய இடத்தை எந்தத் தொலைக்காட்சியும் அதற்கு முன் கொடுத்ததில்லை. தொலைக்காட்சி நிலையத்தின் வாசலில் காத்திருக்க வேண்டியதில்லை, யாருடைய சிபாரிசும் வேண்டியதில்லை. காணொளிக்குப் பங்கு தரும் முறை இல்லாவிட்டால் இது நடந்திருக்காது என்பதையும் நேர்மையோடு சொல்லத்தான் வேண்டும்.

தமிழ்நாட்டிலும் இதே போக்கு. புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் ஒரு பெரியவரும் அவருடைய பேரன்மாரும் 2018-இல் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனல், 2021 ஜூலையில் ஒரு கோடி சந்தாதாரரைத் தொட்டது. தமிழில் அந்த எண்ணிக்கையை எட்டிய முதல் அலைவரிசை அதுதான்.

இரண்டும் சமையல் என்பதைக் கவனிக்க வேண்டும். உணவுக்கு மொழி தடையில்லை. மசாலைத் தூள், சமையல் எண்ணெய், குளிர்பதனப் பெட்டி என்று விளம்பரம் செய்கிறவர்களுக்கும் பஞ்சமில்லை. யாருடைய மனமும் புண்படாது. பார்த்த தலைக்கு இவ்வளவு என்று எல்லாருக்கும் ஒரே விலையும் கிடையாது. பார்ப்பவர் எந்த நாட்டவர், அவரிடம் விற்க எத்தனை பேர் போட்டி போடுகிறார்கள் என்பதைப் பொறுத்து அது கூடும், குறையும். மலேசியத் தமிழர் மட்டும் பார்க்கக்கூடிய ஒரு பொருளைத் தமிழில் பேசினால், எண்ணும் தலையும் குறைவு, வாங்க வரும் விளம்பரதாரரும் குறைவு. இதைத் தெரிந்துகொண்ட இளைஞர் மலாய்க்குப் போவார், அல்லது தமிழ்நாட்டுத் திரைப்படத்துக்கு விமர்சனம் சொல்லப் போவார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கும் வீட்டு வாடகை இருக்கிறது.

மஞ்சள் குறி

சரி, யாருக்குப் போகவில்லை இந்தக் காசு? பேராக் தோட்டங்களுக்கே உரிய ஒரு கதையை எடுத்துக்கொள்வோம். ஜப்பானியர் ஆட்சியில், 1942-லும் 1943-லும், மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாம் - பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டார்கள். 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. வாந்திபேதியிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் செத்தவர்களுக்குக் கல்லறை இல்லை, பல பேருக்குப் பெயர்ப் பட்டியலும் இல்லை. வெள்ளைக்காரக் கைதிகளுக்கு வரிசையாகக் கல்லறைகள் இருக்கின்றன.

இதைப் பற்றி ஓர் இளைஞர் படம் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஊர் ஊராகப் போய்ப் பெரியவர்களைப் பேச வைக்க வேண்டும். ஆறு மாத உழைப்பு. காணொளியை ஏற்றியதும், யுத்தம், சாவு, சித்திரவதை என்ற சொற்களைக் கண்டு இயந்திரம் மஞ்சள் குறி போட வாய்ப்புண்டு. மஞ்சள் என்றால் விளம்பரம் குறையும், அல்லது வரவே வராது. மனிதர் ஒருவர் பார்த்து முடிவு செய்யட்டும் என்று விண்ணப்பிக்கலாம். சில சமயம் பச்சையாகவும் மாறும். ஆனால் ஒரு காணொளிக்குக் கூட்டம் வருவது பெரும்பாலும் முதல் சில நாட்களில்தான். அந்த நாட்கள் போனால் போனதுதான். அதே இளைஞர் ஆறு மணி நேரத்தில் ஆட்டிறைச்சிப் பிரட்டல் காணொளி எடுத்து முடித்திருப்பார்.

யாரும் அவரைத் தடுக்கவில்லை. தணிக்கை அதிகாரி யாரும் வந்து கத்தரிக்கவில்லை. அவர் அடுத்த முறை அந்தப் பொருளைத் தொடமாட்டார், அவ்வளவுதான். கங்காணி ஊர்த் திண்ணையில் மலேரியாவைப் பற்றிப் பேசாமல் விட்டது போல.

சண்டைக்குக் கூடும் கூட்டம்

விட்டுப்போவது ஒரு வகைக் கேடு. முன்னே தள்ளப்படுவது வேறு வகை. ஐரோப்பாவில், அப்போது மாசிடோனியா என்று பெயர் கொண்டிருந்த சிறு நாட்டில், வெலஸ் என்றோர் ஊர். 2016-இல் அங்கிருந்த இளைஞர்கள் அமெரிக்கத் தேர்தலைப் பற்றி நூற்றுக்கு மேற்பட்ட இணையத்தளங்களை நடத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அமெரிக்க அரசியலில் அக்கறை இல்லை. எந்தப் பொய்யைப் பேஸ்புக்கில் அதிகம் பேர் பகிர்கிறார்களோ அந்தப் பொய்க்குக் கூகுள் விளம்பரக் காசு அதிகம் வந்தது. வேலை இல்லாத ஊரில் அது ஒரு வேலை.

பேஸ்புக்கின் பொறுக்கும் முறையும் இப்படிப்பட்டவர்களுக்கு உதவியது. 2017-லிருந்து சில காலம், ஒருவர் கோப முகத்தை அழுத்தினால் அது விருப்பக் குறியைப் போல ஐந்து மடங்கு மதிப்புள்ளதாகக் கணக்கிடப்பட்டது என்று 2021-இல் வாஷிங்டன் போஸ்ட் நாளேடு, நிறுவனத்தின் உள் ஆவணங்களைக் கொண்டு எழுதியது. கோபத்துக்கு ஐந்து, விருப்பக் குறிக்கு ஒன்று என்றால் கடையில் எது விற்பனைக்கு வரும்?

நம் நாட்டில் 2022 நவம்பர் 19-ஆம் தேதி பொதுத்தேர்தல் முடிந்து, யார் ஆட்சி அமைப்பது என்று தெரியாமல் இருந்த நாட்களில், 1969 மே 13 கலவரத்தை நினைவுபடுத்தி மிரட்டும் டிக்டாக் காணொளிகள் உலவின. போலீசார் எச்சரித்தார்கள், டிக்டாக் நிறுவனமும் அவற்றை நீக்குவதாகச் சொன்னது. அச்சத்துக்கும் பார்வையாளர் உண்டு என்பதைத் தவிர அதில் புதிதாக எதுவும் இல்லை.

நம் சமூகத்துக்கு மிக அருகில் நடந்தது 2024 ஜூலையில். ஈஷா என்று டிக்டாக்கில் அறியப்பட்ட ராஜேஸ்வரி, இணையத்தில் தொடர்ந்து வந்த இழிசொல்லுக்கும் மிரட்டலுக்கும் ஆளாகி, கோலாலம்பூரில் உயிரிழந்தார். அதற்கு முதல் நாள்தான் அவர் போலீசில் புகார் செய்திருந்தார். அந்த வழக்கில் ஒரு பெண்ணுக்கு நீதிமன்றம் விதித்த அபராதம் 100 வெள்ளி. அன்றைய சிறு குற்றச் சட்டத்தில் அதற்கு மேல் விதிக்க இடமில்லை. ஊர் கொதித்தது. குற்றவியல் சட்டம் திருத்தப்பட்டு, இணையக் கொடுமைக்குக் கடும் தண்டனை தரும் பிரிவுகள் 2025 ஜூலையில் நடைமுறைக்கு வந்தன.

திட்டியவர்களுக்குத் தண்டனை வேண்டும், அதில் இரு கருத்து இல்லை. ஆனால் அந்த மேடையின் அமைப்பையும் பார்க்க வேண்டும். டிக்டாக் நேரலையில் பார்வையாளர்கள் காசு கொடுத்து வாங்கும் ரோஜாப்பூவும் சிங்கமும் பரிசாக விழும். அது மீண்டும் காசாகி நேரலை நடத்துகிறவருக்கு ஒரு பங்கும் நிறுவனத்துக்கு ஒரு பங்கும் போகும். இரண்டு பேர் எதிரெதிரே நின்று யாருக்குப் பரிசு அதிகம் என்று போட்டியிடும் முறையும் உண்டு. நல்ல பாட்டுக்கும் பூ விழுகிறது. ஒருவரை ஒருவர் கிழிக்கும் இரவில் கூட்டம் கலையாமல் நிற்கிறது; கலையாத கூட்டத்தை இயந்திரம் இன்னும் பலருக்குக் காட்டுகிறது. கள்ளுக்கடை வாசலில் சண்டை நடந்தால் கடைக்காரருக்கு நட்டம். இந்தக் கடையில் அப்படியில்லை.

80 லட்சம் பேருக்கு மேல் பயன்படுத்தும் சமூக ஊடகங்கள் 2025 ஜனவரி 1 முதல் மலேசியாவில் உரிமம் பெற வேண்டும் என்று அரசு விதித்தது. 2024 டிசம்பரில் நாடாளுமன்றம் இணையப் பாதுகாப்புச் சட்டத்தையும் நிறைவேற்றியது. கெட்ட பதிவை எப்படி நீக்குவது, சிறுவரை எப்படிக் காப்பது என்பதில்தான் இவற்றின் கவனம். எதற்கு எவ்வளவு கூலி என்ற கேள்வி நிறுவனங்களின் கையிலேயே இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 பிப்ரவரியில் முழுமையாக நடைமுறைக்கு வந்த சட்டம் கொஞ்சம் நெருங்கிப் போயிருக்கிறது. பதிவுகளைப் பொறுக்கும் முறையின் முக்கிய அளவுகோல்களைப் பயனாளருக்குப் புரியும்படி சொல்ல வேண்டும் என்கிறது. கிராணியார் கருவியைத் திருப்பி, தொழிலாளிக்கு எண்ணைக் காட்டுவது போல. காட்டிய எண்ணுக்கு என்ன கூலி என்பது அங்கேயும் அவர்கள் இஷ்டம்.

இதற்கிடையே சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் மரங்கள் பெரும்பாலும் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பல லயத்து வீடுகள் இடிந்தன. தோட்டப் பள்ளிகள் சில, பட்டணத்துக்குப் பெயர்ந்தன. பெரட்டுக் களத்தில் பெயர் வாசிக்கக் கேட்டவர்களும், மெட்ரோலாக் பாலில் மிதந்ததைப் பார்த்தவர்களும் இன்னும் ஈப்போவின் தாமான்களில் பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். சயாமுக்குப் போய்த் திரும்பியவர் யாராவது உயிரோடு இருந்தால் அவருக்கு இப்போது நூறு வயதை ஒட்டி இருக்கும். அவர் பேச ஆரம்பித்தால் எட்டு நிமிடத்தில் முடிக்கமாட்டார்.